செலவைப் பங்கிடலாம், பிள்ளையைப் பங்கிடலாகாது



திருமணத்தின் மேன்மையைப் பற்றியும், கணவன் மனைவியரின் ஒற்றுமையைப் பற்றியும் இப்பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்மாதம் எழுதப்போவது ஒற்றுமை குலைந்துபோன இல்லங்களைப் பற்றி. அதிலும், மிகச் சிறியது என்று பலர் எண்ணக்கூடிய ஒரு பொருளைப் பற்றி. பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைக்குப் பல் மருத்துவம் தேவைப்படும்போது அந்தச் செலவை யார் ஏற்பது? எவ்வளவு ஏற்பது? எம்முறையில் ஏற்பது?

ஞானக் காரியங்களை எழுதவேண்டிய ஏட்டில் பல் வைத்தியக் கணக்கு எதற்கு என்று எவரேனும் கேட்கலாம். பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் குடும்ப வழக்குகளை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் கணவனும் மனைவியும் நகைக்காகவும் நிலத்துக்காகவும் வாதிடுவது குறைந்துவிடுகிறது. ஆனால் பள்ளிக் கட்டணம், கண்ணாடி, மருந்துச் சீட்டு, பல் ரசீது என்று சிறு சிறு காகிதங்களின் வழியாகப் பழைய சண்டை தொடர்ந்து நடக்கிறது. அந்தக் காகிதங்களை இங்குமங்கும் சுமந்து செல்வதோ பெரும்பாலும் பிள்ளைதான். பிள்ளையின் ஆன்மாவில் காயம் உண்டாகும் இடம் அதுவாயின், அதைப் பற்றிப் பேசுவது ஞானக் காரியமே அன்றோ?

திருச்சபையின் நிலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். திருமுழுக்குப் பெற்ற இருவர் செல்லத்தக்க முறையில் செய்து நிறைவேற்றிய திருமணத்தின் பிணைப்பை எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க இயலாது என்பது திருச்சபையின் மாறாத போதனை. அதே திருச்சபைதான், தகுந்த காரணங்கள் இருக்கும்போது கணவன் மனைவி பிரிந்து வாழ்வதை அனுமதிக்கிறது. பிள்ளைகளின் பராமரிப்பு போன்ற உரிமைகளைப் பாதுகாக்க வேறு வழியே இல்லாத நிலையில், நாட்டுச் சட்டத்தின்படி விவாகரத்துப் பெறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், அது அந்நிலையில் ஒழுக்கக் குற்றமாகாது என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2383-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. இவ்வாறு பிரிந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவர்கள் திருவருட்சாதனங்களைப் பெறுவதற்கு அப்பிரிவு தடையன்று என்பதை 1981-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில் தெளிவுபடுத்தினார். ஆகவே, நம் பங்குகளில் தனித்து வாழும் தாயையோ தந்தையையோ வேற்றுக் கண்ணோடு பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

பிள்ளைகளைக் குறித்தும் திருச்சபைச் சட்டம் மௌனமாக இல்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1136-ஆம் பிரிவு, பிள்ளைகளின் உடல் நலத்தையும் கல்வியையும் பக்தி ஒழுக்கத்தையும் பேணுவது பெற்றோரின் மிகப் பெருங்கடமை என்கிறது. 1154-ஆம் பிரிவு, கணவன் மனைவி பிரிந்தபின்னும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் வளர்ப்புக்கும் தகுந்த ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்கிறது. திருமணம் செல்லாது என்று மறைமாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போதுகூட, ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் அவர்கள் ஆற்றவேண்டிய கடமைகளைத் தீர்ப்பிலேயே நினைவூட்ட வேண்டும் என்பது சட்டம். கணவன் என்ற பெயரும் மனைவி என்ற பெயரும் நீதிமன்றத்தில் நீங்கலாம். தந்தை, தாய் என்ற பெயர்களை நீக்க எந்த நீதிமன்றமும் இல்லை.

பல் ஏன் வழக்காகிறது?

காய்ச்சல் என்றால் எந்தத் தந்தையும் மறுக்கமாட்டார். கை முறிந்தால் எந்தத் தாயும் ரசீதைப் பற்றி யோசிக்கமாட்டார். பல்லின் காரியம் அப்படியன்று. அது அவசியமா, அலங்காரமா என்ற ஐயம் எளிதில் எழுகிறது. "விழுந்து முளைக்கிற பல்தானே" என்கிறார் ஒருவர். "பையனுக்குக் கிளிப் எதற்கு? பெண் பிள்ளையா?" என்கிறார் மற்றொருவர். இந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளாமல் செலவைப் பங்கிட இயலாது. ஆகவே பல்லைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வோம்.

பால்பற்கள் இருபது. குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் முழுமையாகின்றன. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒவ்வொன்றாக விழுகின்றன. விழப்போகும் பல்தானே என்று சொத்தையை விட்டுவைப்பது தவறு. பால்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அதன் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கும் கேடு உண்டாகலாம். மேலும், பால் கடைவாய்ப்பல்லை உரிய காலத்துக்கு முன்பே இழந்தால், அண்டைப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து வந்துவிடும். பின்னர் முளைக்கும் பல்லுக்கு இடமிராது. அது தெற்றுப்பல்லாக வெளியே வரும். எட்டு வயதில் சில நூறு ரூபாயில் அடைத்திருக்கக்கூடிய சொத்தை, பன்னிரண்டு வயதில் பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக வளர்வது இப்படித்தான்.

இன்னொன்றையும் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஆறு வயதளவில் வாயின் கடைக்கோடியில், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதுவோ வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய நிலைப்பல். கவனிப்பாரற்றுச் சொத்தையாவதில் அதற்கே முதலிடம்.

பற்களை வரிசைப்படுத்தும் கிளிப் சிகிச்சை பெரும்பாலும் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் தொடங்கப்படுகிறது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை நீடிக்கலாம். மாதந்தோறும் மருத்துவரிடம் சென்று கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும். கம்பியைக் கழற்றியபின்னும், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க வேறொரு தட்டை அணிய வேண்டும். அழகுக்காக மட்டும் இது செய்யப்படுவதில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாதபோது உணவை மெல்லுவதும் பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதும் கடினமாகின்றன. முன்னே துருத்திய பற்கள், விளையாட்டில் விழும்போது எளிதில் உடைகின்றன. எனினும், எல்லாப் பிள்ளைக்கும் கிளிப் தேவை என்பதுமன்று. தேவையா, எப்போது தேவை என்று சொல்லவேண்டியவர் மருத்துவரே. தாயின் ஆசையும் தந்தையின் கோபமும் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

ஆக, பல் செலவு மூவகைப்படும். வலியும் வீக்கமும் வந்தபோது உடனே செய்யவேண்டியது ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது, சொத்தை அடைப்பது போன்ற வழக்கமான செலவு இரண்டாவது. கிளிப் போன்று, முன்கூட்டியே தெரிந்து, நீண்ட காலம் நடக்கும் பெருஞ்செலவு மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பாதிச் சண்டைக்குக் காரணம்.

சீட்டைச் சுமந்த சிறுவன்

அடையாளம் தெரியாதவாறு மாற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஏழாம் வகுப்பு, பீடப்பணியாளன். பெற்றோர் நீதிமன்றத்தில் பிரிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தாயோடு வாழ்ந்தான், மாதம் இரண்டு ஞாயிறுகளில் தந்தையிடம் போய்வருவான். மேற்பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மருத்துவர் பார்த்துவிட்டு ஒரு சொத்தையை உடனே அடைக்கவேண்டும் என்றும், அதன்பின் கிளிப் போடலாம் என்றும் கூறி, செலவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தாய் அந்தச் சீட்டைப் பையன் கையில் கொடுத்து, "உன் அப்பாவிடம் கொடு" என்றார். தந்தை அதைப் படித்துவிட்டு, "மாதா மாதம் நான் கொடுக்கும் பணம் எதற்காம்? அதில் பார்த்துக்கொள்ளச் சொல்" என்று திருப்பிக் கொடுத்தார். சீட்டு மறுபடியும் போயிற்று, மறுபடியும் வந்தது. இப்படி ஏழெட்டு வாரங்கள் கடந்தன. சொத்தைப்பல் மட்டும் காத்திருக்கவில்லை. ஓர் இரவு கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. அடைப்பதோடு முடிந்திருக்கவேண்டிய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே உறையும் போடவேண்டியதாயிற்று. சண்டையினால் மிச்சமான ரூபாய் ஒன்றுமில்லை, செலவுதான் பன்மடங்காகியது.

அந்தச் சிறுவன் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வதைக் கண்டு, பல்லைச் சரிசெய்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஒருநாள் சொன்னேன். "கிளிப் வேண்டாம், சாமி. என் பல்லாலேதான் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். இப்படியே இருக்கட்டும்" என்றான்.

பெற்றோர்களே, இந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி வாசியுங்கள். அச்சிறுவனின் தந்தை கொடுமைக்காரர் அல்லர். மாதப் பணத்தை ஒருபோதும் நிறுத்தியவரல்லர். தாயும் பேராசை பிடித்தவர் அல்லர். தனக்கென்று ஒரு நல்ல சேலை வாங்காதவர். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆயினும் இருவருடைய நியாயமும் சேர்ந்து, "நான் ஒரு செலவு, நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சண்டை இராது" என்ற முடிவுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தின. பல் கோணலாக இருப்பதால் வரும் கேடு பெரிதா, மனம் இப்படிக் கோணிப்போவதால் வரும் கேடு பெரிதா?

அவனுடைய ஞானத்தந்தை நல்ல மனிதர். இரு வீட்டாருக்கும் வேண்டியவர். அவர் முயற்சியால் பெற்றோர் இருவரும் ஒரு மாலை பங்கு இல்லத்தில் வந்து அமர்ந்தார்கள். பழைய கதை எதையும் பேசுவதில்லை என்ற நிபந்தனையோடு, பிள்ளையின் மருத்துவச் செலவை மட்டும் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்றும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆயினும் மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் இருவருடைய பங்கும் மருத்துவரைச் சென்றடைந்துவிடுகின்றன.

நாட்டுச் சட்டம் கூறுவது

நம் நாட்டில் கிறிஸ்தவர்களின் மணமுறிவுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பொருந்தும். 2001-ஆம் ஆண்டில் அது பெரிதும் திருத்தப்பட்டது. வழக்கு நடக்கும்போதும் முடிந்தபின்னும், வயது வராத பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றைக் குறித்து நீதிமன்றம் ஆணையிட அச்சட்டம் அதிகாரம் தருகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்காகக் கொடுக்கப்படும் மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சார்பு செய்த நாளிலிருந்து கூடியவரை அறுபது நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்றும் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இதுவன்றி, எம்மதத்தாருக்கும் பொதுவான ஜீவனாம்சப் பிரிவு ஒன்று உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்த அது, 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஆணையிட முடியாது என்றிருந்த பழைய வரம்பு 2001-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பங்கு எவ்வளவு என்பதில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், தாய் தந்தை இருவரும் சம்பாதிக்கும்போது இருவரும் தத்தம் வருமானத்தின் விகிதப்படி பிள்ளைகளின் செலவை ஏற்கவேண்டும் என்று கூறி, தந்தையின் சம்பளம் தாயினுடையதைப் போல் இருமடங்காக இருந்ததால் இரண்டுக்கு ஒன்று என்று பங்கு வகுத்தது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் ஜீவனாம்ச வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியாக வழங்கிய தீர்ப்பில், இரு தரப்பினரும் தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்றது. பிள்ளையின் வாழ்க்கைச் செலவு என்பதில் உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றோடு மருத்துவமும் அடங்கும் என்றும் கூறியது.

மருத்துவம் அடங்குமாயின் பல்லும் அடங்கும் என்பது வெளிப்படை. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் "மாதம் இவ்வளவு ரூபாய்" என்று ஒரே வரி இருக்குமேயன்றி, எதிர்பாராத செலவைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அந்த ஒரு வரியைத் தந்தை "எல்லாம் இதில் அடக்கம்" என்று படிக்கிறார். தாய் "இது சோற்றுக்கும் பள்ளிக்கும் மட்டுமே" என்று படிக்கிறார். எழுதாத வரியே சண்டைக்கு வேர். ஆகவே எழுதிவைப்பது எப்படி என்று பார்ப்போம்.

எழுதிவைக்க வேண்டியவை

முதலாவது, பங்கின் விகிதம். சரிபாதி என்பது காதுக்கு நியாயமாகத் தோன்றும், எப்போதும் நியாயமாகாது. எடுத்துக்காட்டாக, தந்தையின் மாத வருமானம் 40,000 ரூபாய். தாயினது 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைச் செலவு 45,000 ரூபாய். விகிதப்படி தந்தைக்கு 30,000, தாய்க்கு 15,000. முன்பணம் 15,000 கட்டி, எஞ்சிய 30,000 ரூபாயை இருபது மாதங்களில் செலுத்த மருத்துவர் இசைந்தால், முதலில் தந்தை 10,000, தாய் 5,000. பிறகு மாதந்தோறும் தந்தை 1,000, தாய் 500. பெருந்தொகையாகக் கண்டு அஞ்சியது இவ்வளவே. பிள்ளைக்காகத் தந்தை தரும் மாதப் பணத்தைத் தாயின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவது முறையன்று. அது பிள்ளையின் சோறு, தாயின் சம்பளமன்று. வருமானம் மாறக்கூடியதாகையால் ஆண்டுக்கு ஒருமுறை விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, எல்லைத் தொகை. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சில்லறைச் செலவு மாதப் பணத்தில் அடங்கும். அதற்கு மேற்பட்டது விகிதப்படி பங்கிடப்படும் என்று எழுதுங்கள். பல் துலக்கும் பசைக்கெல்லாம் ரசீது கேட்பது யாருக்கும் பெருமையன்று.

மூன்றாவது, அவசரம். வலியோ வீக்கமோ கண்டால் பிள்ளை அப்போது யாரிடம் இருக்கிறதோ அவரே உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அன்றே மற்றவருக்குச் செய்தி சொல்லவேண்டும். அனுமதியும் கணக்கும் பிறகு. முதலில் பிள்ளையின் வலி தீரட்டும்.

நான்காவது, அவசரமில்லாத பெருஞ்செலவு. இங்கே தந்தையரின் ஒரு குறையைச் சொல்லவேண்டும். அது நியாயமான குறை. "எல்லாம் முடிந்தபின் ரசீதை நீட்டுகிறார்கள். பணம் கட்டுவதற்கு மட்டும் நான் தந்தையா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரின் எழுத்து மூலமான ஆலோசனையையும் செலவு விவரத்தையும் மற்றவருக்கு அனுப்ப வேண்டும். வேறொரு மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு கெடு, பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். கெடு கடந்தும் பதில் இல்லையேல் இசைந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மௌனமே ஓர் ஆயுதமாகிவிடும்.

ஐந்தாவது, பணம் செல்லும் வழி. தாயின் கையில் கொடுத்தால் வேறெதற்கோ செலவழிக்கிறார் என்று தந்தைக்கு ஐயம். தந்தையிடம் கேட்டு நிற்பது தாய்க்கு அவமானம். இருவரும் தத்தம் பங்கை மருத்துவரிடமே நேராகக் கட்டிவிட்டால் இரண்டும் தீரும். ஒருவர் முன்னதாகக் கட்டியிருந்தால், ரசீதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, முப்பது நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளலாம். காப்பீட்டை நம்பி இராதீர்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தினால் நேர்ந்த சேதம் தவிர ஏனைய பல் சிகிச்சையை ஏற்பதில்லை. தந்தையோ தாயோ வேலை செய்யும் இடத்தில் அத்தகைய உதவி உண்டென்றால் முதலில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கிடுங்கள்.

ஆறாவது, உழைப்பின் பங்கு. கிளிப் போட்ட பிள்ளையை மாதந்தோறும் அழைத்துச் சென்று, அரைநாள் வேலையை இழந்து, மருத்துவமனைப் பலகையில் காத்திருப்பதும் ஒரு செலவே. அறுந்த கம்பியை மாற்றுவது, இரவில் பல் துலக்கவைப்பது, பிந்தைய தட்டை அணியவைப்பது யாவும் தொல்லையான வேலைகள். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறார் என்றால், மற்றவர் ஒன்றுவிட்டு ஒரு மாதமாவது அழைத்துச் செல்லட்டும். தந்தையோடு பிள்ளை கழிக்கும் அந்த ஒரு மணி நேரம் பூங்காவில் கழிப்பதைவிடப் பயனுள்ளது.

ஏழாவது, முடிவு. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்தாலும், தொடங்கியதை முடிக்கும்வரை இருவரும் பொறுப்பு என்று எழுதுங்கள். பாதியில் கைவிட்ட கிளிப், போடாத கிளிப்பைவிடக் கேடு.

எட்டாவதாக ஒன்றைக் கொட்டை எழுத்தில் எழுதவேண்டும். சீட்டோ, ரசீதோ, பணமோ, செய்தியோ எதுவும் பிள்ளையின் கையால் போகக்கூடாது. பிள்ளையின் காதுபடக் கணக்குப் பேசவும் கூடாது. நேரில் பேச மனமில்லையென்றால் ஞானப்பெற்றோரிடமோ, இரு தரப்பினரும் மதிக்கும் உறவினரிடமோ அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பிணைக்கைதி ஆக்கிவிடக் கூடாதென்று, திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டில் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில் மிகுந்த வேதனையோடு மன்றாடியிருக்கிறார்.

இவ்வொப்பந்தத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டியுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

இரு எச்சரிக்கைகள்

தாய்மார்களுக்கு ஒன்று. பணம் தராத தந்தைக்குப் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று சொல்லாதீர்கள். பணம் பெறுவது பிள்ளையின் ஓர் உரிமை. தந்தையைக் காண்பது அதன் மற்றோர் உரிமை. ஓர் உரிமை பறிபோயிற்று என்பதற்காக மற்றதையும் நீங்களே பறிக்கலாமா? தராத பணத்தைச் சட்டப்படி கேளுங்கள்.

தந்தையருக்கு ஒன்று. விலையுயர்ந்த கைப்பேசியும் சைக்கிளும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பல் மருத்துவருக்கு மட்டும் பணமில்லை என்று சொல்லாதீர்கள். பரிசுப் பொருளில் உங்கள் பெயர் விளங்கும். அடைத்த பல்லில் விளங்காது. ஆயினும் பெயர் விளங்காத செலவே தந்தையின் செலவு. தன் வீட்டாரைப் பேணாதவன் விசுவாசத்தையே மறுத்தவனாகிறான் என்று புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கண்டிப்பது எத்துணைக் கடுமையானது! பிரிந்து வாழும் பிள்ளையும் உங்கள் வீட்டாரே.

உண்மையிலேயே இருவருக்கும் வசதியில்லாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் மனந்தளர வேண்டாம். 1953-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பல இடங்களிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும், வெளியில் ஆகும் செலவைவிடக் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். பங்குகளிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் இத்தகைய பிள்ளைகளை விளம்பரமின்றித் தேடி உதவுவார்களாக.

சாலமோனின் வாள்

அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் வழக்காடியபோது, குழந்தையை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்றார் சாலமோன். ஒருத்தி அதற்கு இசைந்தாள். மற்றவளோ, குழந்தை உயிரோடிருந்தால் போதும், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறினாள். விட்டுக்கொடுத்தவளே தாய் என்று அரசர் கண்டுகொண்டார். அங்கே வழக்கில் வென்றவள் தன் பங்கை இழக்கத் துணிந்தவள்தான்.

பிரிந்துபோன பெற்றோரிடம் அதே வாள் இன்றும் நீட்டப்படுகிறது. "அவர் பாதி தந்தால்தான் நான் பாதி தருவேன்" என்று இருவரும் பிடிவாதமாக நிற்கும்போது வெட்டுப்படுவது பிள்ளையே. மற்றவர் தம் பங்கைத் தரத் தாமதித்தாலும், முடிந்தவர் முன்வந்து சிகிச்சையைத் தொடங்கட்டும். பின்னர் உரிய முறையில் தம் பணத்தைக் கேட்டுப் பெறட்டும். அது தோல்வியன்று. தாய்மையும் தந்தைமையும் அறியப்படும் இடம் அதுவே.

பிப்ரவரி 9-ஆம் நாள் புனித அப்போலோனியாவின் திருநாள். ஏறத்தாழ 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் விசுவாசத்துக்காகப் பற்கள் உடைபட அடிக்கப்பட்டு, வேதசாட்சியாக உயிர்நீத்தவர் அவர். பல் நோயாளர்களின் பாதுகாவலியாக அவரைத் திருச்சபை போற்றிவருகிறது. பல் வலியால் இரவில் விழித்திருக்கும் எல்லாப் பிள்ளைகளையும், அந்த வலியை வெளியே சொன்னால் வீட்டில் சண்டை வருமென்று அஞ்சி அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளையும் சிறப்பாக, அவருடைய வேண்டுதலுக்கு ஒப்படைப்போம்.

சேர்ந்து வாழும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை அடுத்த விடுமுறைக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிரிந்து வாழும் பெற்றோர்களே, நீங்களும் காட்டுங்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, மேலே சொன்ன எட்டையும் எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். பிள்ளை அதைப் படிக்கவேண்டியதில்லை. தனக்கு நோவு வந்தால் தந்தையும் தாயும் இருக்கிறார்கள் என்று அது அறிந்தால் போதும்.

திருக்குடும்பத்தின் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.